நகலின் காதல்: வாண்டா – விஷன் பற்றிச் சில குறிப்புகள்

படக்கதை பற்றியெல்லாம் எழுதுவதா, அதுவும் அமெரிக்க சூப்பர் ஹீரோ படக்கதை பற்றி என்று முகம் சுளிக்கிற தோழர்களோடு வாதாடி அலுத்துவிட்டது. வெகுசனப் பிரதி என்றால் முதலாளியம் புகட்டுகிற மயக்க மருந்து, அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்பது அவர்கள் நிலைப்பாடு. சரி, மருந்து என்றே வைத்துக்கொள்வோம். அந்த மருந்தைக் குடிக்கிறவர்கள் ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஒரு ஜோடியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்களே, அது ஏன்? அந்த ஜோடியை உண்டாக்கிய நிறுவனமே அதைப் பிரித்துப் பார்த்தது, கொன்று பார்த்தது, நடந்தது எதுவும் நடக்கவே இல்லை என்று சொல்லியும் பார்த்தது. வாசகர்கள் அசையவில்லை. மருந்து கொடுக்கிறவனுக்கே பிடிக்காத ஒன்றை நோயாளி கேட்டுக் கேட்டு வாங்குகிறான் என்றால், அங்கே நாம் கவனிக்க வேண்டியது ஏதோ இருக்கிறது.

முதலில் ஆட்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். வாண்டா என்கிற 'ஸ்கார்லெட் விட்ச்' 1964இல், மார்வெல் நிறுவனத்தின் எக்ஸ்-மென் இதழில், வில்லன் கூட்டத்தில் ஒருத்தியாக வந்தவள். ஸ்டான் லீ எழுதி ஜாக் கிர்பி வரைந்தது. அவள் ஒரு மியூட்டண்ட். பிறவியிலேயே மனிதரிலிருந்து விலகிப் பிறந்தவள். அந்தக் கதையுலகில் ஊர் கூடிக் கல்லெறிகிற இனம் அது. அடுத்த வருஷமே இரட்டைச் சகோதரன் பியெத்ரோவோடு அவெஞ்சர்ஸ் என்ற நாயகர் குழுவில் சேர்ந்துவிடுகிறாள். நிகழ்தகவைத் திருப்புவது அவள் ஆற்றல்: நடக்க வாய்ப்பே இல்லாத ஒன்று அவள் கைவீச்சில் நடந்துவிடும். அபாரமான கற்பனை. ஆனால் அறுபதுகளின் ஆண்கள் அதை வைத்து என்ன செய்தார்கள்? இரண்டு தரம் கையை வீசிவிட்டு மயங்கிச் சரிகிற பெண்ணாக அவளை வரைந்தார்கள்.

விஷன் 1968இல் வருகிறான். எழுத்து ராய் தாமஸ், சித்திரம் ஜான் புஸ்ஸெமா. அவெஞ்சர்ஸை ஒழிக்க அல்ட்ரான் என்ற எந்திரம் செய்து அனுப்பிய செயற்கை மனிதன் அவன். சிவந்த முகம், பச்சையும் மஞ்சளுமாக உடை, நெற்றியில் ஒரு மணி. மூளை மட்டும் இரவல்: செத்துப்போனதாகக் கருதப்பட்ட ஸைமன் வில்லியம்ஸ் என்ற மனிதனின் மூளைப் பதிவை நகலெடுத்து உள்ளே ஏற்றியிருக்கிறார்கள். செய்தவனுக்கு எதிராகவே திரும்புகிறான். நாயகர் குழு தன்னை ஏற்றுக்கொண்ட அன்று, ஒதுங்கிப் போய் நின்று அழுகிறான். எழுபதுகளின் தொடக்கத்தில் இந்த இரண்டு பேருக்கும் காதல்.

பொருந்தவே பொருந்தாத ஜோடி என்று எல்லாரும் சொல்கிறார்கள். பொருத்தம் என்பதை யார் அளக்கிறார்கள், எந்த முழக்கோலால்? நம்மிடம் அந்த முழக்கோல் இலக்கணமாகவே இருக்கிறது. தலைவனுக்கும் தலைவிக்கும் பத்து வகை ஒப்பு வேண்டும் என்று தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் பட்டியல் போடுகிறது. முதலில் நிற்பது பிறப்பு, அடுத்தது குடிமை. அடிமைகளையும், பிறர் ஏவிய வேலையைச் செய்கிறவர்களையும் அகத்திணையியல் அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்துகிறது. அவர்களுக்குக் கைக்கிளையும் பெருந்திணையும் போதும் என்பது உரைகாரர் கொள்ளும் பொருள். பெருந்திணைக்குப் பொருந்தாக் காமம் என்று இன்னொரு பெயரும் ஒட்டிக்கொண்டது. விஷனை இந்தப் பட்டியலின் முன்னால் நிறுத்திப் பாருங்கள். பிறப்பு இல்லை, குடி இல்லை, வயது இல்லை, உருவு செய்துவைத்தது, காமவாயில் சந்தேகம். போதாக்குறைக்கு, பிறர் ஏவலுக்கென்றே செய்யப்பட்டவன். பட்டியல் முழுக்கத் தோற்கிறான். அவன் காதலிக்கிறானா என்று கேட்கும் முன்பே, காதலிக்கத் தகுதி உண்டா என்ற கேள்வி முந்திக்கொள்கிறது. நான் பார்த்த அளவில் அந்தக் கதைகளின் கவர்ச்சி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. வாசகர் படிப்பது ஒரு விசாரணை மன்றத்தை. கூண்டில் நிற்பவனிடம் பத்திரம் எதுவும் இல்லை.

இன்னொன்று அவன் உடல். விஷனின் ஆற்றல், உடலின் அடர்த்தியைத் தானே மாற்றிக்கொள்வது. சுவரைக் கடந்து போகிற அளவுக்கு லேசாகலாம், வைரம் மாதிரி இறுகலாம். சண்டைக்காகக் கண்டுபிடித்த வித்தைதான். காதல் கதைக்குள் வந்ததும் அதன் பொருள் தலைகீழாகிவிடுகிறது. இந்த உடலுக்கு இயல்பான கனம் என்று ஒன்று கிடையாது. ஒருத்தியின் கையைப் பிடிக்க வேண்டுமானால் அந்தக் கைக்குத் தக்கபடி கனமாக வேண்டும். குறைந்தால் விரல் அவள் கைக்குள் புகுந்து மறுபக்கம் போய்விடும், கூடினால் எலும்பு நொறுங்கும். மற்றவர்கள் தெரியாமல் தொட்டுவிடுவார்கள், பழக்கத்தில் தொடுவார்கள், உரிமை இருக்கிறது என்று தொடுவார்கள். இவனுக்கு ஒவ்வொரு தொடுகையும் ஒரு முடிவு. சூப்பர் ஹீரோ படக்கதை என்ற வகைமையே ஆண் உடல் என்றால் இறுகிய உடல் என்ற கருத்தியலின் மேல் கட்டியது. கல்லாகிறவன், இரும்பாகிறவன், கோபம் வந்தால் பெருக்கிறவன். அந்தக் கூட்டத்தின் நடுவில், இறுக்கத்தைக் கழற்றி வைக்கத் தெரிந்த ஒரே ஆண் ஒரு எந்திரம் என்பதில் ஒரு குரூரமான கிண்டல் இருக்கிறது. எழுதியவர்கள் எண்ணி எழுதியதாகத் தோன்றவில்லை. பிரதி எண்ணியிருக்கிறது, அது போதும்.

எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஹாக்ஐ என்ற வில்லாளிக்கு வாண்டாவின் மேல் ஆசை, அவன் பொருமுகிறான். அதை விடுங்கள், எல்லாக் காதல் கதையிலும் இப்படி ஒருத்தன் உண்டு. முக்கியமானவன் பியெத்ரோ. அவனும் மியூட்டண்ட். ஊரால் துரத்தப்பட்டு, தங்குமிடம் இல்லாமல் சகோதரியோடு ஓடியவன். கூடப் பிறந்தவள் ஒரு எந்திரத்தைக் காதலிக்கிறாள் என்று தெரிந்ததும் கொதித்துப்போகிறான். தனக்குக் கீழே ஒரு படி இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அவன் இத்தனை நாள் நின்றுகொண்டிருந்தான் என்பது அப்போது தெரிகிறது. இதற்கு அம்பேத்கர் வைத்த பெயர் படிநிலைச் சமத்துவமின்மை. அவர் சொன்னது சாதி பற்றி, அமெரிக்க இனவெறி வேறு வரலாறு, தெரியும். ஆனால் ஒடுக்கப்பட்டவன் தன் வீட்டு வாசலில் ஒரு கோடு போடுகிற அந்தக் கணத்தை, நாலு வண்ணத்தில் சிறுவர்களுக்கு அச்சிட்ட ஒரு இதழ் இவ்வளவு நேராகக் காட்டியது எனக்கு ஆச்சரியம். 1973இல் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் எழுதிய ஒரு கதையில் காதலர்கள் பொது இடத்தில் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். அதைப் பொறுக்க முடியாத சாதாரண ஜனங்கள் சிலர் உடம்பில் வெடிகுண்டு கட்டிக்கொண்டு விஷனைக் கொல்ல வருகிறார்கள். வேற்றுக்கிரகப் படை வேண்டியதில்லை, ஒரு முத்தம் போதுமானதாக இருந்திருக்கிறது.

இது கலப்பு மணத்தின் உருவகம் என்று முற்போக்கு வாசகர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். காலம் பொருந்தத்தான் செய்கிறது. லவ்விங் எதிர் வர்ஜினியா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெள்ளையரும் மற்றவரும் மணப்பதைத் தடுத்த சட்டங்களைச் செல்லாதென்றது 1967இல். விஷன் வந்தது மறு வருஷம். தீர்ப்பு வந்தபோது 16 மாநிலங்களில் அந்தச் சட்டம் இருந்தது. ஆனால் இந்த உருவக வாசிப்பு எனக்கு முழுக்க ஒப்பவில்லை. கறுப்பினத்தவரின் இடத்தில் ஒரு எந்திரத்தை நிறுத்துவது, வெள்ளை வாசகர்கள் சங்கடமில்லாமல் கண்ணீர் விடுவதற்கு வசதி செய்துகொடுக்கிறது. தெருவில் உண்மையான ஜோடியைக் கண்டால் என்ன செய்வார்கள் என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது. தவிர, 'அவனும் மனுஷன்தானே' என்று நிரூபிப்பதில்தான் இந்த வாசிப்பின் மொத்த உழைப்பும். மனிதன் என்று நிரூபித்தால்தான் உரிமை என்ற நிபந்தனையை அது தொடவே இல்லை. வாண்டாவையும் பாருங்கள். அவளும் பியெத்ரோவும் ரோமா தம்பதியிடம் வளர்ந்தவர்கள் என்று 1979இல் கதைகள் சொல்லத் தொடங்கின. பின்னால் வந்த சினிமா அதை அப்படியே துடைத்துவிட்டது. கற்பனையான அந்நியனுக்கு இடம் கொடுக்கிறவர்கள் நிஜமான அந்நியர்களைச் சத்தமில்லாமல் வெளியே அனுப்புகிற வேலை இது.

1975இல் கல்யாணம். அதே சடங்கில் இன்னொரு ஜோடிக்கும் கல்யாணம் நடக்கிறது: மாண்டிஸ் என்ற பெண்ணுக்கும், செத்துப்போன அவள் காதலனின் உடலுக்குள் புகுந்திருக்கும் ஒரு தாவர உயிருக்கும். தாவரத்தை யாரும் எதிர்க்கவில்லை! கல்யாணத்துக்குப் பிறகு கதை மந்தமாகிவிடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். எண்பதுகளில் இரண்டு தனித்தொடர்கள் வந்தன, 1982இல் நாலு இதழ், 1985–86இல் பன்னிரண்டு. நியூஜெர்ஸியில் லியோனியா என்ற ஊரில் வீடு எடுத்துக் குடியிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் ஏற்கவில்லை. வாண்டா மந்திர சக்தியைத் திரட்டிக் கர்ப்பமாகிறாள், இரட்டை ஆண் குழந்தைகள். கலையழகோடு சொன்ன கதைகள் என்று சொல்ல மாட்டேன். வசனம் பல இடத்தில் அசட்டுத்தனம். இருந்தாலும் வாசகர்களின் பிடிப்பு இறுகியது இங்கேதான். சண்டை போடவென்றே செய்யப்பட்ட ஒரு ஆள் சண்டையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதில் ஒரு வேட்கை நிறைவேறுகிறது. அதே 1985இல்தான் டோனா ஹாரவே தன் சைபோர்க் அறிக்கையை வெளியிட்டார். அவருடைய சைபோர்க் மூலக்கதை எதுவும் இல்லாத உயிர், ஏதேன் தோட்டத்தைக் கனவு காணாதது. பாவம் விஷன், அவனுக்கு மூலக்கதை ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் குவித்துக்கொண்டே போனார்கள். உடல் யாருடையது, மூளை யாருடையது என்று ஆளாளுக்கு ஒரு விளக்கம்.

அந்த விளக்கங்கள்தான் கடைசியில் அவனைக் கொன்றன. 1989. ஜான் பைர்ன் எழுதி வரைந்த வெஸ்ட் கோஸ்ட் அவெஞ்சர்ஸ் கதை. முன்பொரு சமயம் விஷன் உலகத்துக் கணினிகளையெல்லாம் தன் பிடிக்குள் கொண்டுவர முயன்றவன் என்பதால், பல நாட்டு உளவு அமைப்புகள் கூடி அவனைக் கடத்திப்போய்ப் பிரித்துப்போடுகின்றன. குழுவினர் மீட்கும்போது, மேசை மேல் பரப்பிக்கிடக்கும் உறுப்புகளாகத்தான் கிடைக்கிறான். வாண்டா பார்க்கிறாள். தன் புருஷனைப் பாகம் பாகமாகப் பார்க்கிறாள். திரும்பப் பூட்டுகிறார்கள், ஆனால் ஞாபகம் அழிந்துவிட்டது, உணர்ச்சி இல்லை. தோலும் போய்விட்டது; சிவப்பாக இருந்தவன் வெளிறி வெள்ளையாக எழுந்து நிற்கிறான். அரசு ஒரு அந்நியனைக் கையில் எடுத்து, வரலாற்றை உருவி, நிறத்தையும் மாற்றித் திருப்பித் தருகிறது. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

உணர்ச்சியைத் திரும்பக் கொண்டுவர ஒரு வழி இருக்கிறது: ஸைமனின் மூளைப் பதிவை மறுபடி ஏற்றுவது. ஸைமன் இதற்குள் உயிரோடு திரும்பியிருக்கிறான். விஷனைத் தம்பியாகப் பாவித்தவன். இப்போது தர மறுக்கிறான். காரணம், அவனுக்கே வாண்டாவின் மேல் காதல். கதை இங்கே ஒரு நச்சுக் கேள்வியை மெதுவாக நுழைக்கிறது: அப்படியானால் இத்தனை வருஷம் வாண்டாவைக் காதலித்தது யார்? எந்திரமா, எந்திரத்துக்குள் இருந்த ஸைமனின் நகலா? மூலம் உயிரோடு இருக்க, நகலுக்கு என்ன உரிமை? மூலம்/நகல் என்ற எதிர்மையைத் தெரிதா எத்தனை பக்கம் எழுதிக் கட்டுடைத்தாலும், ஒரு குடும்பத்துக்குள் அது சொத்துத் தகராறாகத்தான் வந்து நிற்கிறது. வெடிகுண்டு கட்டியவர்கள் 'நீ காதலிக்கக்கூடாது' என்றார்கள். அதை எதிர்த்து நிற்கலாம். 'நீ காதலிக்கவே இல்லை, அது வேறொருவனுடைய உணர்ச்சி' என்கிறவனை எதிர்த்து எப்படி நிற்பது? தடை போட்டவனுக்குக்கூட அங்கே காதல் இருப்பது தெரிந்திருந்தது.

குழந்தைகளுக்கும் அதே வருஷம், அதே கதி. அவை நிஜக் குழந்தைகளே இல்லை, மெஃபிஸ்டோ என்ற சாத்தானின் ஆன்மாவிலிருந்து சிதறிய துண்டுகள் என்று தெரியவருகிறது. அவை அவனுக்குள்ளேயே திரும்பி உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. தாயின் துக்கத்துக்கு என்ன செய்வது? அகதா ஹார்க்னெஸ் என்ற மூதாட்டி, வாண்டாவுக்கு ஆசிரியை, குழந்தைகள் இருந்த நினைவையே அவள் மனசிலிருந்து அழித்துவிடுகிறாள். நல்லெண்ணத்தோடு. கூட இருந்த நாயகர்கள் எல்லாருக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. ஒரு பெண்ணின் துக்கம் மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கும்போது அவளுக்கு என்ன வைத்தியம் பார்ப்பார்கள் என்பதை இவ்வளவு பச்சையாக எழுதிவிட்டு, அதை ஒரு தீர்வாக நம்பியும் இருக்கிறார்கள். 2004இல் மறைத்தது வெளியே வருகிறது. வாண்டா நிலை குலைகிறாள், குழுவே சிதறுகிறது, விஷன் அழிகிறான். 2005இல் ஒரே வாக்கியத்தில் உலகத்து மியூட்டண்டுகளில் பெரும்பாலோரின் ஆற்றலை இல்லாமல் ஆக்குகிறாள். அதிலிருந்து அவளுக்குப் பைத்தியக்காரி என்று பெயர். நினைவை அழித்தவர்களுக்கு எந்தப் பெயரும் வைக்கவில்லை.

பிற்பாடு வந்தவற்றில் டாம் கிங் எழுதி கேப்ரியல் வால்டா வரைந்த விஷன் தொடர் (2015–16, பன்னிரண்டு இதழ்) தனித்து நிற்கிறது. வாஷிங்டனுக்குப் பக்கத்தில், வர்ஜினியா மாநிலத்துப் புறநகரில் விஷன் ஒரு வீடு வாங்கி, தனக்கென ஒரு மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் செய்துகொள்கிறான். மனைவியின் பெயரும் வர்ஜினியா. அந்த வழக்கில் தோற்ற மாநிலத்தின் பெயர்! அவளுக்குள் ஏற்றியிருப்பது வாண்டாவின் மூளைப் பதிவு. ஸைமனின் நகலாக இருந்து அவதிப்பட்டவன் இப்போது இன்னொருத்தியை நகலாக்கி வீட்டில் வைத்திருக்கிறான். ஒடுக்கப்பட்டவன் என்பதால் அவன் கை சுத்தமாக இருந்தாக வேண்டும் என்று கிங் நினைக்கவில்லை. அதற்காகவே அந்தத் தொடரை மதிக்கிறேன். முடிவு கொடூரம், படிக்காதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன்.

2021இல் டிஸ்னி வெளியிட்ட வாண்டாவிஷன் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி நண்பர்கள் நிறையப் பேசினார்கள். ஒன்பது பகுதி. செத்துப்போன விஷனை வாண்டா தன் சக்தியால் உண்டாக்கி, மறுபடியும் நியூஜெர்ஸியில் ஒரு சிற்றூரில், பழைய குடும்ப நகைச்சுவைத் தொடர்களின் பாணியில் அவனோடு வாழ்கிறாள். ஊர் ஜனங்கள் அந்த நாடகத்தில் கைதிகள். அவளுடைய துக்கம் அவர்கள் உடம்பில் வலிக்கிறது. காதலே ஆக்கிரமிப்பாக மாறுகிற இடத்தைத் தொடர் தைரியமாகத் தொட்டது. கடைசிப் பகுதியில் அதிலிருந்து நழுவிக்கொண்டது: அந்த ஜனங்களின் முறைப்பைத் தாண்டி அவள் நடந்து போகிறாள், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் இரண்டு விஷன்கள், சிவப்பும் வெள்ளையும், யார் மூலம் என்று நூலகத்தில் நின்று தர்க்கம் பண்ணுகிற காட்சி இருக்கிறதே, 1989இன் கேள்விக்கு அது ஒரு பதில். நினைவைக் கொண்டவன் தான் நகல்தான் என்று ஒப்புக்கொண்டே அதை மற்றவனுக்குத் திறந்துவிடுகிறான். வாங்கிக்கொண்ட வெள்ளைக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் பறந்துபோய்விடுகிறான்.

குழந்தைகள் கதை இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. வாண்டாவைப் பைத்தியமாக்கிய அதே 2005இல், ஆலன் ஹைன்பெர்க் எழுதி ஜிம் சியுங் வரைந்த யங் அவெஞ்சர்ஸ் இதழில் பில்லி, டாமி என்று இரண்டு பையன்கள் வருகிறார்கள். வேறு வேறு வீடுகளில் வளர்ந்தவர்கள், ஆனால் ஒரே முகம். இல்லவே இல்லை என்று தீர்ப்பான அந்த இரட்டையர்தான் இவர்கள் என்று போகப் போகத் தெரிகிறது. பில்லிக்குத் தாயின் சக்தி. 2010இல் தொடங்கிய இன்னொரு தொடரில் எல்லாரும் தடுத்தும் கேட்காமல் தாயைத் தேடிப் போகிறான். அவனுக்கு ஒரு காதலன் உண்டு, டெடி. ஜென்மப் பகையான இரண்டு வேற்றுக்கிரக இனங்களின் கலப்பில் பிறந்தவன், நினைத்த உருவம் எடுக்கக்கூடியவன். 2020இல் இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிற்று.